தேக்காவில் ஒரு மூக்குப் பாடம்



"வீட்டில் தமிழே பேசுவதால்தான் பிள்ளைக்கு ஆங்கிலம் ஏற மாட்டேன் என்கிறதோ? இனிமேல் தமிழைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா?"

தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியராக இருப்பவருக்கு இந்தக் கேள்வி புதிதன்று. விடியற்காலையிலேயே பால் வெட்டவோ செம்பனைக் குலை வெட்டவோ போய், வேலை முடிந்து குளித்துவிட்டுப் பள்ளி வாசலுக்கு வரும் பெற்றோர் பலர் கேட்பதுதான் இது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இங்கே ஜொகூரிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே வேலை இருக்கிறது, நல்ல சம்பளமும் இருக்கிறது. ஆனால், ஆங்கிலம் தெரியாமல் நம் பிள்ளை நாலு பேர் நடுவில் விழித்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்ற கவலையும் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு சொல்லை வைத்துப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எல்லோர் முகத்திலும் இருப்பது. பால்குடி மாறாத குழந்தையும் தொட்டுக் காட்டுவது. தமிழில் மூக்கு, ஆங்கிலத்தில் 'நோஸ்'.

பாடப் புத்தகத்தில் இல்லாத மூக்கு

முதல் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். 'நோஸ்' என்றால் மூக்கு என்று பட்டென்று சொல்லிவிடும். அது சரியான விடைதான். ஆனால் பாடம் அத்துடன் முடிந்துவிடவில்லை.

உங்கள் மகன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் மேற்பார்வையாளர் தோளில் தட்டி, "கீப் யுவர் நோஸ் க்ளீன்" என்கிறார். பையன் சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால், "உன் மூக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்" என்று ஆகிறது. வெட்கப்பட்டுக் கைக்குட்டையைத் தேடுவான். அல்லது அவமானப்படுத்திவிட்டார் என்று முகம் சிவப்பான். அவர் சொன்னதோ, "எந்த வம்பிலும் மாட்டிக்கொள்ளாமல் ஒழுங்காக இரு" என்பது. நம் வீட்டுப் பெரியவர்கள், "வம்புதும்புக்குப் போகாதேப்பா" என்று சொல்லி அனுப்புவார்களே, அதேதான்!

பாருங்கள், நான்கு சொற்களுக்கும் அவனுக்குப் பொருள் தெரியும். ஆனாலும் பேச்சு விளங்கவில்லை. சொற்கள் கூடி நின்று புதுப் பொருள் தருவதை மரபுத்தொடர் என்கிறோம். பரீட்சைக்கு ஆங்கிலம் படித்தவர்கள்கூட வேலையிடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எருமைகள் விட்டுச்சென்ற பெயர்

அடுத்த முறை சிங்கப்பூருக்குப் போனால், லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்தின் பெயர் தமிழ் எழுத்திலும் இருக்கும். வெளியே வந்தால் பஃபலோ ரோடு, அதாவது எருமைச் சாலை. காய்கறிக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், சிராங்கூன் சாலை முனையில் தேக்கா நிலையம். பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு. 'கெர்பாவ்' என்றால் மலாயில் எருமை. இந்த வட்டாரத்துக்கே 'கண்டாங் கெர்பாவ்', எருமைத் தொழுவம், என்றுதான் பெயர் இருந்தது. கே.கே. மருத்துவமனையின் பெயரில் இருக்கும் இரண்டு எழுத்துகளும் அதைத்தான் குறிக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே மாட்டு வியாபாரம் பெருகி நடந்தது. தண்ணீரும் புல்லும் கிடைத்த தாழ்வான நிலம் இது. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற மாட்டு வியாபாரியின் பெயர், வீரமாகாளியம்மன் கோயிலை ஒட்டிய சாலைக்கு இன்றும் இருக்கிறது. மாடு பார்க்கவும் பால் கறக்கவும் வண்டி ஓட்டவும் வந்த நம்மவர்கள் பலர் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் குடியிருந்தார்கள். தொழுவங்கள் மறைந்துவிட்டன, பெயர்கள் நின்றுவிட்டன.

மாடு என்றால் மூக்கணாங்கயிறு உண்டல்லவா? அவ்வளவு பெரிய எருமையை ஒரு சின்னக் கயிற்றில் சிறுவன்கூட இழுத்துச் செல்லலாம். ஆங்கிலத்தில் 'லெட் பை த நோஸ்' என்றால், சொந்த புத்தி இல்லாமல் அடுத்தவன் இழுத்த இழுப்புக்குப் போவது. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்திலேயே இந்தத் தொடர் வருகிறது. நானூறு ஆண்டுப் பழமை. மலாய்க்காரர்களும் 'ஸெப்பெர்த்தி லெம்பு டிச்சுச்சுக் ஹிடுங்' என்பார்கள். மூக்குக் குத்திய மாட்டைப் போல என்று பொருள். சீனத்திலும் மூக்கைப் பிடித்து இழுத்துப் போவது என்ற தொடர் உண்டு. மாடு பிடித்த கைகள் எந்த நாட்டில் இருந்தால் என்ன? கண்ட காட்சி ஒன்று, பிறந்த பேச்சும் ஒன்று!

மூக்கணாங்கயிறு என்ற சொல்லையும் அதன் பொருளையும் வீட்டில் தமிழில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, இந்த ஆங்கிலத் தொடரை நெட்டுருப் போட வேண்டிய அவசியமே இல்லை. சொன்ன உடனேயே பிடித்துக்கொள்ளும்.

நகைக்கடை வாசலில்

சிராங்கூன் சாலையில் நகைக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக மூக்குத்திகள். ஆங்கிலத்தில் அதற்கு 'நோஸ் ஸ்டட்' என்று பெயர். மூக்கு சம்பந்தப்பட்ட இன்னொரு தொடருக்கும் இதுதான் ஏற்ற இடம்: 'பே த்ரூ த நோஸ்'. மூக்கு வழியாகப் பணம் கொடுப்பதா? இல்லை, அநியாய விலை கொடுத்து வாங்குவது. நாம் "யானை விலை, குதிரை விலை" என்கிறோமே, அது. ஆங்கிலத்தில் மூக்கு, நம்மிடம் யானையும் குதிரையும்.

மூக்கு வேண்டாத வேலைக்கும் போகும். 'போக் யுவர் நோஸ்' என்றால் பிறர் விவகாரத்தில் மூக்கை நுழைப்பது. இது தமிழிலும் அப்படியே இருக்கிறது. அப்படி நுழைக்கிறவரை 'நோஸி' என்பார்கள். ஒன்றை இழிவாக நினைத்து ஒதுக்குவது 'டர்ன் அப் யுவர் நோஸ்'. இங்கே ஆங்கிலேயர் மூக்கைத் தூக்குகிறார். நாமோ முகத்தைச் சுளிக்கிறோம். 'அண்டர் யுவர் நோஸ்' என்றால் நம் எதிரிலேயே இருந்தும் காணாமல் விடுவது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்ற நம் பழமொழிக்கு இது ஒரு வகையில் சொந்தக்காரன்.

வழி கேட்டால், "ஃபாலோ யுவர் நோஸ்" என்று ஒருவர் சொல்லலாம். கேலி என்று எண்ணிவிடாதீர்கள். "மூக்குக்கு நேரே போங்கள்" என்று நம் ஊரில் சொல்வதும் அதுவேதான்.

குதிரை மூக்கும் விமான மூக்கும்

அருகிலேயே ரேஸ் கோர்ஸ் ரோடு இருக்கிறது. இன்று அங்கே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் பேர் பெற்றவை. குதிரைப் பந்தயம் நடந்த இடத்தை ஒட்டிய சாலை என்பதால் வந்த பெயர் இது. ஃபேரர் பார்க் திடலில் 1840களில் தொடங்கிய பந்தயம் 1933-ல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. பிறகு கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி, சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே ஒரு முடிவுக்கு வந்தது. பந்தயத்தில் பணத்தைத் தொலைத்த குடும்பங்களின் கதை நமக்குத் தெரியாததா? அது ஒழிந்தது நல்லதே. ஆனால் பேச்சில் ஒரு தொடரை அது விட்டுச்சென்றிருக்கிறது.

இரண்டு குதிரைகள் ஒட்டியபடியே ஓடிவந்து, ஒன்றின் மூக்கு மட்டும் முந்திக் கோட்டைத் தொட்டால், அது 'வின் பை எ நோஸ்'. மயிரிழையில் வெற்றி என்று நாம் சொல்வது. தேர்தல் செய்தியிலும் பந்தாட்டச் செய்தியிலும் இந்தத் தொடரைக் காணலாம். ஓடியது குதிரைதான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அதே திடலிலிருந்துதான் 1911-ல் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற விமானி, சிங்கப்பூர் வானில் முதன்முதலாக விமானம் ஓட்டிக் காட்டினார். விமானத்தின் முன்பகுதிக்கும் ஆங்கிலத்தில் மூக்கு என்றே பெயர். அந்த மூக்கு கீழ்நோக்கிப் பாய்ந்தால் 'நோஸ் டைவ்'. ரப்பர் விலை திடீரென்று சரிந்தால் பத்திரிகைக்காரர்கள் இந்தச் சொல்லைத்தான் எடுத்துப் போடுவார்கள். ரப்பர் விலை தலைகுப்புற விழுந்தால் தோட்டத்து அடுப்பு எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கையில் இருக்கும் ஆங்கிலம்

பட்டணம் போதும், தோட்டத்துக்கு வருவோம். பால்வெட்டுக் கத்தியைக் கல்லில் தீட்டிக் கூராக்குகிறீர்கள். குனிந்த தலை நிமிராமல் தீட்டினால்தான் கூர் வரும். சுழலும் சாணைக்கல்லுக்கு ஆங்கிலத்தில் 'கிரைண்ட்ஸ்டோன்' என்று பெயர். அந்தக் கல்லோடு மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, ஓயாமல் உழைப்பதை 'நோஸ் டு த கிரைண்ட்ஸ்டோன்' என்பார்கள். அகராதியில் 'அரைக்கும் கல்' என்று கண்டு, அம்மியில் மூக்கை வைத்து அரைப்பதாக எண்ணிச் சிரிக்கும் பிள்ளைகள் உண்டு. கத்தி தீட்டும் அப்பாவைப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வராது.

மருந்தடிக்கும் பம்பின் நுனியில் ஒரு சின்ன மூடி இருக்கிறதே, அதை 'நாசில்' என்கிறோம். தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல். 'நோஸ்' என்பதிலிருந்து பிறந்த சொல்தான் அது. சின்ன மூக்கு என்று பொருள். நீங்கள் தினமும் தோளில் சுமக்கும் பம்பிலேயே ஆங்கிலச் சொல்லின் பேரப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறது! இந்த இடத்தில் பாடத்தோடு ஒரு எச்சரிக்கையும்: நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீரில் கழுவிச் சுத்தம் செய்யுங்கள். மொழியைவிட உயிர் பெரிது.

நாசியும் நோஸும்

நாம் பேசும் தமிழில் 'நாசி' என்றொரு சொல்லும் உண்டு. வடமொழியிலிருந்து வந்தது. 'நாசி', 'நோஸ்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். உறவு காதிலேயே கேட்கிறதல்லவா? லத்தீன் மொழியில் 'நாசுஸ்', ஜெர்மன் மொழியில் 'நாஸெ'. இப்படிப்பட்ட ஒற்றுமைகளைக் கண்டுதான் 1786-ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் பொதுவான மூலம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று சொன்னார்.

'மூக்கு' மட்டும் தனிக் குடும்பம். மலையாளத்திலும் மூக்கு, தெலுங்கில் முக்கு, கன்னடத்தில் மூகு. திராவிட மொழிகளின் இந்தச் சொந்தபந்தத்தை 1856-ல் கால்டுவெல் பெரிய நூலாகவே எழுதி நிலைநாட்டினார். ஆகவே நம் வாயில் இரண்டு குடும்பத்துச் சொற்களும் இருக்கின்றன. ஆங்கிலம் நமக்கு முற்றிலும் அந்நியம் என்று மிரள வேண்டியதில்லை.

சீன எழுத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. 'தான்' என்ற பொருள் தரும் சீன எழுத்து, ஆதியில் மூக்கின் படமாகத்தான் இருந்தது. நாம் "நான்" என்று சொல்லும்போது நெஞ்சைத் தொடுகிறோம். அவர்கள் எழுத்தில் மூக்கே 'தான்' ஆகிவிட்டது.

ஒரே பழமொழி, இரண்டு மொழி

எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இதுதான். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கையே அறுத்துக்கொண்டவன் கதை நமக்குத் தெரியும். ஆங்கிலத்திலோ, 'கட் ஆஃப் யுவர் நோஸ் டு ஸ்பைட் யுவர் ஃபேஸ்' என்கிறார்கள். முகத்தின் மேல் உள்ள கோபத்தில் மூக்கை அறுத்துக்கொள்வது. அவர்கள் பேச்சில் சகுனம் இல்லை, எதிரியும் இல்லை. ஆனால் வீம்புக்காகத் தனக்கே கேடு செய்துகொள்ளும் மனிதன் இரண்டு மொழியிலும் மூக்கில்லாமல்தான் நிற்கிறான்.

எல்லாத் தொடருக்கும் இப்படி ஜோடி கிடைக்காது. "மூக்கு முட்டச் சாப்பிட்டேன்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் எதிரில் இருப்பவர் பயந்துவிடுவார். "அவனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது", "மூக்கும் முழியுமாக இருக்கிறாள்", "மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்" ஆகியவை நம் வீட்டுச் சொத்து. அவற்றை நம் வீட்டிலேயே அனுபவிப்போம்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். தொடரின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. யாரிடம் பேசுகிறோம் என்பதும் தெரிய வேண்டும். "கீப் யுவர் நோஸ் க்ளீன்" என்று மேலாளர் இளைஞனிடம் சொல்லலாம். இளைஞன் மேலாளரிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. ஒருவர் முகத்துக்கு நேரே 'நோஸி' என்றால் சண்டைதான். பெரியப்பாவிடம் போய், "இதில் நீங்கள் மூக்கை நுழைக்காதீர்கள்" என்று நம் பிள்ளை சொல்லுமா? அந்த மரியாதைக் கணக்கு எல்லா மொழியிலும் உண்டு.

சிங்கப்பூர் சொல்லும் பாடம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். தமிழைக் குறைத்தால் ஆங்கிலம் வளருமா?

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாக இருக்கிறது. ஆனால் தமிழ் வழியில் பாடம் நடத்திய பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியும் 1982-ல் மூடப்பட்டது. 1987-க்குள் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே முதல்மொழி ஆகிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள்: வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுவோர் 2010-ல் நூற்றுக்கு 32.3, 2020-ல் 48.3. வீட்டில் தமிழ் பேசுவோர் 3.3-லிருந்து 2.5 ஆகக் குறைந்தார்கள். ஆங்கிலம் நன்றாக வந்த பிறகு, தமிழ் வீட்டை விட்டுப் போகிறதே என்று அங்கே கவலைப்படுகிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடத்தி, வீட்டிலே தமிழ் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் விழா எடுத்து வரவழைக்கப் பாடுபடும் ஒன்று, நம் லயத்து வீடுகளில் தானாகவே இருக்கிறது. அதை நாமே வெளியே தள்ளலாமா?

தமிழைக் குறைத்துக்கொண்ட வீட்டில், பல சமயம் அந்த இடத்தை நிரப்புவது நல்ல ஆங்கிலமன்று, அரைகுறைப் பேச்சுதான். பெற்றோருக்குச் சரளமாக வராத மொழியில் பிள்ளையோடு பேசினால், "வா, போ, சாப்பிடு, படி" என்று நாலு சொல்லோடு பேச்சு நின்றுவிடும். மூக்கணாங்கயிறும் வராது, மூக்கறுந்தவன் கதையும் வராது. பழமொழியும் விடுகதையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கோ, ஒரு சொல்லுக்குள் இன்னொரு பொருள் ஒளிந்திருக்கும் என்பது பழகிப்போன விளையாட்டு. அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத் தொடர்களின் பூட்டைத் திறக்கும் சாவி.

ஆகவே நீங்கள் தாராளமாகத் தமிழில் பேசுங்கள். ஆங்கிலத்தையும் விடாமல் படிக்க வையுங்கள். இரண்டையும் இணைக்க ஒரு சிறு வழி சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி கிழியுங்கள். முதல் பத்தியில் ஆங்கிலத் தொடர். இரண்டாவதில் சொல்லுக்குச் சொல் வரும் படம். மூன்றாவதில் நம் வீட்டில் அதற்குச் சொல்லும் பேச்சு. ஆங்கிலத் தொடரைப் பிள்ளை கொண்டுவரட்டும்; மூன்றாவது பத்தியை நீங்கள் நிரப்புங்கள். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. பழமொழிக்குப் பாட்டியை மிஞ்ச ஆளில்லை.

தொடங்குவதற்கு மூன்று தருகிறேன். 'லெண்ட் மீ யுவர் இயர்' என்றால் காதைக் கடன் கொடு. நாம் "கொஞ்சம் காது கொடுத்துக் கேள்" என்கிறோம். 'டர்ன் எ ப்ளைண்ட் ஐ' என்றால் குருட்டுக் கண்ணைத் திருப்பு. நாம் சொல்வது "கண்டும் காணாமல் இருப்பது". 'கோல்ட் ஷோல்டர்' என்றால் குளிர்ந்த தோள். இங்கே "முகம் கொடுத்துப் பேசவில்லை" என்போம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் போதும். ஓர் ஆண்டில் எத்தனை தொடர் சேரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

தெரியாத தொடர் காதில் விழுந்தால், சிரித்து மழுப்பாமல், "வாட் டஸ் தட் மீன்?" என்று கேட்கப் பிள்ளையைப் பழக்குங்கள். கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை. கேட்காமல் தலையாட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது. தலையாட்டிக்கொண்டே இருப்பவன் மூக்கில் யாராவது கயிறு போட்டுவிடுவார்கள்.